ஒட்டுக் கேட்காத பெட்டி

13 ஆகஸ்ட் 2007, திங்கள்

கம்பெனி சேட் கிடைத்தது. ஆம்பிளை சைஸ். உள்ளே இன்னொரு இராமலெட்சுமி தாராளமாகக் குடியிருக்கலாம். பொம்பிளை டெக்னீஷியனுக்கு சேட் தைக்கிற யோசனை கம்பெனிக்கு இதுவரை வந்ததில்லை, ஏனென்றால் இதுவரை பொம்பிளை டெக்னீஷியனே வந்ததில்லை. ஒரு மாதமாக கோல் சென்டரில் இருந்து "மொடெமை ஓஃப் பண்ணி ஓன் பண்ணுங்க" என்று சொல்லிச் சொல்லி, என்னையே யாராவது ஓஃப் பண்ணிவிட மாட்டார்களா என்று கிடந்தேன். அப்போதுதான் வெளிவேலைக்குப் போகிறாயா என்று கேட்டார்கள். கேட்டு முடிக்கமுன் ஓம் என்றேன்.

சுப்பவைசர் ராசிக் நானா கையைக் கட்டிக்கொண்டு சட்டம் சொன்னார். "மூணு மாசம் பாப்போம் புள்ள. ஒரு வீட்டுக்கு ஒருக்காப் போனா வேலை முடியோணும். அதே வீட்டால திரும்பக் கம்ப்ளேன் வந்தா ஒங்கட பேர்லதான் விழும். கூடினா, பெர்மனன்ட் இல்ல. விளங்கிச்சா?"

விளங்கியது. எனக்குத் தந்த ஏரியா வெள்ளவத்தை என்றதும் பழைய பெடியன்கள் எல்லாரும் சிரித்தார்கள். அதுதான் விளங்கவில்லை.

அம்மா சேட்டைத் தூக்கிப் பிடித்துப் பார்த்து, "யாரு சட்டடி இது, செத்தவன் சட்டயா?" என்று கேட்டாள். அவள் கொச்சிக்கடையில் மிளகாய்க் கிடங்கில் வேலை செய்கிறவள். வேலை முடிந்து அவள் வீட்டுக்குள் வந்தால் வீடே தும்மும். தன் மகளாவது தும்மாத வேலை செய்ய வேண்டும் என்று தங்கையா முதலாளியின் புடவைக் கடையில் எனக்கு ஓரிடம் பேசி வைத்திருக்கிறாள். பேன் காற்று, நாற்காலி, போயாப் பௌர்ணமிக்கு லீவு. எனக்கு அந்த நாற்காலியை நினைத்தாலே இடுப்பு வலிக்கிறது. இந்த வேலை எனக்கு வேண்டும். கொம்பியூட்டர் வகுப்பில் படித்தது வீணில்லை என்று அம்மாவுக்குக் காட்ட வேண்டும், எனக்கும் காட்ட வேண்டும்.

15 ஆகஸ்ட்

ஏன் சிரித்தார்கள் என்று தெரிந்தது.

கம்பெனி வான் வெள்ளை. கண்ணாடி கறுப்பு. கொழும்பில் தமிழர் நெருங்கி இருக்கிற வெள்ளவத்தையில் இந்தக் காலத்தில் வெள்ளை வான் வந்து நின்றால் ஆட்கள் ஏறுவதில்லை, ஏற்றப்படுகிறார்கள். கம்பெனியில் இத்தனை பெரிய மூளைகள் இருந்தும் ஒருவருக்கும் இது ஓடவில்லை. ஒழுங்கைக்குள் வானைத் திருப்பியதும் ஒரு ரீவி நின்றது. ஒரு ஜன்னல் மூடிக்கொண்டது. யாரோ வீட்டில் குக்கர் விசில் பாதியில் அடங்கியது (இதைக் கொஞ்சம் கூட்டி எழுதுகிறேன்). டிரைவர் சுமனதாச அய்யே சிங்களவர், பாவம், நல்ல மனுசன், தங்கச்சி என்பதற்கு நங்கி போட்டு, தனக்குத் தெரிந்த தமிழில் ஆறுதல் சொன்னார்: "நங்கி பயம் வாணாம், ஹோர்ன் அடிச்சா வருவாங்க." அடித்தார். வெள்ளை வானில் இருந்து ஹோர்ன்! மிச்சமிருந்த ஜன்னல்களும் மூடிக்கொண்டன.

ஒரு கதவும் திறக்கவில்லை.

16 ஆகஸ்ட்

வானைப் பெரிய ரோட்டில், காலி வீதியிலேயே நிறுத்தச் சொல்லிவிட்டு ஏணியைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தேன். ஏணி தூக்கி வருகிற பொம்பிளையைக் கடத்தல்காரி என்று ஒருவரும் நினைப்பதில்லை. பைத்தியம் என்று நினைக்கிறார்கள். கதவு திறக்கிறது.

செக்பொயின்டில் ஆமிக்காரன் பையைக் கொட்டினான். வயர், பற்றரி, இன்னும் வயர். தமிழ்ப் பெயருள்ள அடையாள அட்டை. இந்த மூன்றும் ஒரே பையில் இருந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். "இன்டர்நெட்" என்றேன். அவன் யோசித்துவிட்டு, தன்னுடைய ஊருக்கு அது எப்போது வரும் என்று சிங்களத்தில் கேட்டான். வெகு சீக்கிரம் என்று கம்பெனி சார்பில் வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

23 ஆகஸ்ட்

தியாகராசா வீடு. ஐயா ரிட்டயரான கிளாக்கர், பேப்பருக்குப் பின்னால் வசிக்கிறார். கதைப்பதெல்லாம் மிஸிஸ் தியாகராசாதான். லண்டனில் இருந்து மகள் போன் எடுத்தால் இன்டர்நெட் அறுந்துபோகிறதாம்.

இது சின்ன விசயம். ரெலிபோன் வயருக்கும் போனுக்கும் நடுவில் பில்டர் என்று ஒரு குட்டி வெள்ளைப் பெட்டி போட வேண்டும். அது இல்லாவிட்டால் மணி அடிக்கும்போதெல்லாம் இன்டர்நெட் விழும். இவர்கள் வீட்டில் பில்டர் இல்லை. புதிதாக ஒன்று போட்டேன். இருவரும் நான் பாம்பு விடுவதைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு தேத்தண்ணி. பிறகு விசாரணை.

"பிள்ளை, ஊரில எவடம்?"

"கொட்டாஞ்சேனை அன்ரி."

"அது சரி, ஊரில?"

கொட்டாஞ்சேனைதான் ஊர். அதற்கு முதல் பொகவந்தலாவை, தேயிலைத் தோட்டம். அதற்கும் முதல் ஏதோ கப்பல். சொன்னேன். "ஓ" என்றா. அந்த "ஓ"வுக்குள் யாழ்ப்பாணம் முழுவதும் இருந்தது. ஆனால் பிஸ்கட் தட்டை என் பக்கம் தள்ளினா.

27 ஆகஸ்ட்

தியாகராசா வீட்டில் இருந்து திரும்பக் கம்ப்ளேன். போனால், நான் போட்ட பில்டரைக் காணவில்லை. "எங்க போச்சோ தெரியேல்லை பிள்ளை." இன்னொன்று போட்டேன். என் பெயரில் ஒன்று விழுந்தது.

31 ஆகஸ்ட்

திரும்பவும் காணவில்லை! எதிர்வீட்டு மெற்றில்டா அக்காவின் வீட்டிலும் இல்லை. அடுத்த வீட்டிலும் இல்லை. வெள்ளவத்தையில் பில்டர் தின்னும் மிருகம் ஏதோ உலாவுகிறது. ராசிக் நானா என்னைப் பார்க்கிற பார்வையில் புடவைக் கடை நாற்காலி தெரிகிறது.

3 செப்டெம்பர்

கண்டுபிடித்தேன். மிருகம் மிஸிஸ் தியாகராசாதான்.

கை கழுவக் குசினிக்குப் போனேன். அவ சோற்றுக்கு வாளியில் இருந்து அளவுச் சுண்டால் அரிசி அள்ளிக்கொண்டிருந்தா. சுண்டோடு சேர்ந்து மேலே வந்தது ஒரு சின்னப் பொட்டலம், ஈயத்தாளில் சுற்றியது. நான் அவவைப் பார்த்தேன், அவ என்னைப் பார்த்தா. வாளிக்குள் கையை விட்டேன். மூன்று பில்டர்!

"கோவியாதையும் பிள்ளை. உது ஒட்டுக் கேக்கிற சாமான் எண்டு இந்த ஒழுங்கை முழுக்கத் தெரியும். வயருக்கும் போனுக்கும் நடுவில நிக்கிற பெட்டி வேறை என்னத்தைச் செய்யும்? அரிசிக்குள்ள கிடந்தா ஒண்டும் கேளாது."

இதில் பிழை பிடிக்க நான் யார்? கொட்டாஞ்சேனையிலும் போனில் யாராவது இடி மின்னலைப் பற்றிப் பேசினாலே, ஒட்டுக் கேட்கிறவன் குண்டு என்று நினைப்பான் என்று அம்மா என் கையை இறுக்குவாள். இவர்கள் செய்த மடைத்தனம் எங்கள் எல்லாருடைய மடைத்தனமும்தான். கம்பெனியில் எத்தனை பேர் "லைன் சரியில்லை" என்று இந்த ஒழுங்கையின் வயரை மாற்றி மாற்றிச் செத்திருப்பார்கள்!

5 செப்டெம்பர்

தியாகராசா வீட்டு ஹோலில் ஒழுங்கைப் பெண்கள் எல்லாரையும் கூப்பிட்டு வைத்து, ஒரு பில்டரை ஸ்குரூ டிரைவரால் உடைத்துத் திறந்து காட்டினேன். உள்ளே செம்புக் கம்பிச் சுருள், இரண்டு மூன்று பொட்டுச் சாமான், வேறொன்றும் இல்லை. "மைக் எங்கை?" என்றார்கள். இல்லை என்றேன். கையில் வாங்கி ஒவ்வொருவராக முகர்ந்தும் பார்த்தார்கள்.

மெற்றில்டா அக்காவுக்கு அது காணாது. பெட்டியை வாய்க்குக் கிட்டப் பிடித்து, அரசாங்கத்தைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தை சொன்னா. பிறகு எல்லாரும் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றோம். நானும்தான். ஒருவரும் வரவில்லை.

"அப்ப சரி," என்றா மெற்றில்டா அக்கா. எல்லாரும் வீட்டுக்குப் போய் அரிசி வாளியைக் கிண்டினார்கள்.

26 செப்டெம்பர்

அந்த ஒழுங்கையில் இருந்து திரும்பக் கம்ப்ளேன் இல்லை. அடுத்த ஒழுங்கையிலும் "அந்த ஏணிப் பிள்ளையை அனுப்புங்கோ" என்று கேட்கிறார்களாம். ராசிக் நானா, "என்ன மந்திரம் புள்ள?" என்றார். டெக்னிக்கல் என்றேன். அம்மா ஒரு கிழமையாகத் தங்கையா முதலாளியின் பெயரை எடுக்கவில்லை.

சந்தோசமாக இருக்கிறது. எழுதி வைக்கிறேன், பிறகு மறந்துவிடும்.

4 ஒக்டோபர்

தியாகராசா வீட்டு மேல்மாடிக்கு லைன் இழுக்க வேண்டும் என்றார்கள். மேலே போனால் ஒரு பெடியன். என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். மிஸிஸ் தியாகராசாவின் அக்கா மகன். ஊரில் இருந்து வந்து வெளிநாட்டு விசாவுக்குக் காத்திருக்கிறான். கொழும்பில் தங்க எடுத்த பொலிஸ் பதிவின் காலம் முடிந்துவிட்டது, புதுப்பிக்கப் போனால் பிடித்து வைத்துவிடுவார்கள் என்ற பயம். பகலில் ஜன்னல் பக்கம் வருவதில்லை. அவன் பெயரை இங்கே எழுத மாட்டேன்.

மிஸிஸ் தியாகராசா படியில் நின்று என் முகத்தையே பார்த்தா.

"மேலயும் பில்டர் போட்டாச்சு அன்ரி," என்றேன். வேறென்ன சொல்ல?

11 ஒக்டோபர்

ராசிக் நானாவின் அறைக்குக் கூப்பிட்டார்கள். உள்ளே ஒருவர் இருந்தார். சிவில் உடுப்பு, மடிப்புக் கலையாத சேட், அழகான தமிழ். எந்த ஒபிஸ் என்று அவர் சொல்லவில்லை, கேட்கிற தைரியம் எனக்கு வரவில்லை.

"தங்கச்சி எல்லா வீட்டுக்குள்ளயும் போறீங்க, நல்லா வேலை செய்றீங்க எண்டு கேள்விப்பட்டன். யார் யார் இருக்கிறாங்க, புதுசா யார் வந்திருக்கிறாங்க — சும்மா சொன்னாப் போதும். அடுத்த கிழமை வாறன்." சில வீடுகளைச் சொன்னார். தியாகராசா வீடும் அதில் இருந்தது.

அவர் போனபிறகும் ராசிக் நானா மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். "கம்பெனிக்கு லைசன்ஸ் ஈக்கி புள்ள. ஒண்டுமே செல்லாம ஈக்க ஏலா. ஒங்கட பெர்மனன்ட்டும் ஈக்கி." இரண்டும் அந்த மனுசரின் கையில் இருக்கிறது என்று விளங்கியது.

என்ன சனியன் இது? பெட்டி ஒட்டுக் கேக்காதுன்னு ஊரைக் கூட்டி உடைச்சுக் காட்டினவ நான். இப்ப என்னயப் பெட்டியா இருக்கச் சொல்றானுங்க. ஏணி தூக்கினது இதுக்கா? அந்த அன்ரி சொன்னதுதான் சரி — நடுவுல நிக்கிறது வேற என்னத்தச் செய்யும்? நான் செய்ய மாட்டேன். செய்யாட்டி? செய்யாட்டி என்னா செய்வானுங்க?

12 ஒக்டோபர்

சாப்பாடு இறங்கவில்லை. உறைப்பு என்று நினைத்து அம்மா தண்ணீர் தந்தாள்.

18 ஒக்டோபர்

வந்தார். சொன்னேன், எல்லாம் சொன்னேன். மெற்றில்டா வீட்டு சொக்கெட்டுக்குள் எறும்புக் கூடு. அடுத்த வீட்டில் மொடெமைப் பிரிட்ஜுக்கு மேல் வைத்திருக்கிறார்கள், சூட்டில் அது தூங்கிவிடுகிறது. மூலை வீட்டு அம்மா கனடாவில் பேரப்பிள்ளைக்கு வெப்காமில் முகம் காட்டப் பட்டுச் சேலை உடுத்துகிறா, ஆனால் கமராவில் வருவது தலைக்கு மேல் இருக்கிற பேன்தான். எந்தக் கம்பி எந்த நிறம் என்றுகூட விளக்கினேன். அவர் பொறுமையான மனுசன். முழுவதும் கேட்டுவிட்டு, "தியாகராசா வீட்டில?" என்றார்.

"ரெண்டு கிழடுகளும் ஒரு நாயும்."

"மேல்மாடி?"

"பழைய கட்டில். கரப்பான்."

அந்த வீட்டில் நாய் கிடையாது. ஏன் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. வெறும் பொய்யை விட நாய் வைத்த பொய் கொஞ்சம் பாதுகாப்பு என்று வாய் முடிவெடுத்துவிட்டது.

23 ஒக்டோபர்

ஒழுங்கை முழுக்க சுற்றிவளைத்துத் தேடினார்களாம், விடியப்புறம். வீடு வீடாக. மேல்மாடிப் பெடியனைக் கொண்டுபோய்விட்டார்கள்.

செய்தி தெரியாமல் ஏணியோடு போய் நின்றேன். மெற்றில்டா அக்கா ஜன்னலைக் கொஞ்சமாகத் திறந்து, "உள்ள வந்து பாத்ததெல்லாம் காணுமடி," என்றா. சாத்தினா. தியாகராசா வீட்டுக் கதவைத் தட்டினேன். உள்ளே இருந்தார்கள், பேப்பர் மடிக்கிற சத்தம் கேட்டது. திறக்கவில்லை.

நான் சொல்லல. நான் சொல்லவே இல்ல. நடுரோட்டில் ஏணியோடு நின்று அழுதேன், வெட்கம் கெட்டு. சுமனதாச அய்யே வந்து ஏணியை வாங்கிக்கொண்டார்.

25 ஒக்டோபர்

ஒரே ஒழுங்கையில் இருந்து ஒரே நாளில் ஆறு கம்ப்ளேன். பில்டர் எல்லாம் திரும்ப அரிசிக்குள் போய்விட்டது போல.

30 ஒக்டோபர்

அவன் எங்கே இருக்கிறான் என்றுகூட எனக்குச் சொல்ல ஒருவரும் இல்லை. காட்டிக் கொடுத்தவளுக்கு யார் சொல்லுவார்கள்? அம்மாவிடமும் சொல்லவில்லை.

6 நவம்பர், செவ்வாய்

நாளை மறுநாள் தீபாவளி. அம்மாவும் நானும் பலகாரத்துக்கு மா இடித்துக்கொண்டிருந்தோம். வாசலில் ஒரு ஓட்டோ. இறங்கினது மிஸிஸ் தியாகராசா! வெள்ளவத்தை கொட்டாஞ்சேனைக்கு வந்தது. வந்த வேகத்தில் மிளகாய் நெடியில் தும்மத் தொடங்கிவிட்டா. தும்மி, மூக்கைத் துடைத்து, கதிரையில் இருந்து, திரும்பவும் தும்மி, கடைசியில் அழுதா.

பெடியனை விட்டுவிட்டார்கள். முந்தநாள். முகம் வீங்கியிருக்கிறதாம், மற்றப்படி ஆள் முழுசு.

"வரேக்கையே 'நாயைக் கட்டு, நாயைக் கட்டு' எண்டு கத்தினவங்கள் பிள்ளை. எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. எங்களிட்டை ஏது நாய்? பிறகு உள்ள வைச்சு அவனைக் கேட்டிருக்கிறாங்கள், 'அந்த இன்டர்நெட் பெட்டை ரெண்டு கிழடும் ஒரு நாயும்தான் எண்டு சொன்னவள், அப்ப நீதான் நாயோ' எண்டு. கேட்டுக் கேட்டு அடிச்சவங்களாம். வீட்டை வந்து சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். நான் என்ன மாதிரி நினைச்சிட்டன் உம்மை…"

என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டா. அவனுக்கு விழுந்த அடியில் பாதி என் நாய்க்காக விழுந்தது என்று மட்டும் எனக்குள் ஓடியது.

அம்மாவுக்கு இதெல்லாம் புதுச் செய்தி. மா அப்பிய கையாலேயே என் முதுகில் ஒன்று வைத்தாள். "பொய் சொன்னா ஒழுங்கா சொல்லத் தெரியாதாடி ஒனக்கு? இல்லாத நாய எதுக்குடி இழுத்த? ஒன்னயத் தூக்கிட்டுப் போயிருந்தா நா எங்கடி போவேன்?" பிறகு அவளும் அழுதாள். மூன்று பேரும் அழுதோம், மிளகாய் பாதி, மனசு பாதி. போகும்போது மிஸிஸ் தியாகராசாவுக்கு அம்மா ஒரு பை முறுக்குக் கட்டிக் கொடுத்தாள்.

12 நவம்பர், திங்கள்

மூன்று மாதம் முடிந்தது. பெர்மனன்ட் இல்லை.

"மேலால வந்தது புள்ள, நான் இல்ல," என்றார் ராசிக் நானா. அந்தச் சிவில் உடுப்பு மனுசர் திரும்ப வந்தாராம். "புள்ளைக்கு மூளை கொஞ்சம் மட்டு, ஒரு வீட்டு நாய இன்னொரு வீட்டுல வெச்சிட்டா எண்டு செல்லியிக்கேன். யார் கேட்டாலும் அத அப்பிடியே வெச்சுக்கோங்க." சொல்லிவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார், அடக்க முடியவில்லை. "நாய்…" என்றார், திரும்பவும் சிரித்தார். கண்ணைத் துடைத்தார். அது சிரிப்புக்குத்தானா என்று தெரியாது.

சேட்டைத் தோய்த்து மடித்துக் கொடுத்தேன். வயர் நுனி அழுத்துகிற கிறிம்பரையும் மேசையில் வைத்தேன். அவர் அதை என் கைப்பைப் பக்கம் தள்ளிவிட்டு, போனை எடுத்துச் சத்தமாகக் கதைக்கத் தொடங்கினார். அந்தப் பக்கம் ஒருவரும் இல்லை.

19 நவம்பர்

புடவைக் கடை. நாற்காலி இருக்கிறது. உட்காரக் கூடாதாம்.

25 நவம்பர், ஞாயிறு

மிஸிஸ் தியாகராசா போன். இன்டர்நெட் இல்லை. கம்பெனி யாரோ பெடியனை அனுப்பியதாம், ஒழுங்கையில் ஒருவரும் கதவு திறக்கவில்லையாம். "நீர் வாரும்."

"நான் இப்ப கம்பெனியில இல்லையே அன்ரி."

"கம்பெனியை ஆர் கேட்டது?"

பஸ்ஸில் போனேன். ஒன்று என்று போனது நாலு வீடாகிவிட்டது. மெற்றில்டா அக்கா மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. பெரிய மீன் துண்டாகப் பார்த்து என் சாப்பாட்டுக் கோப்பையில் வைத்தா.

2 டிசெம்பர்

தங்கையா முதலாளியிடம் நாளை முதல் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அம்மா பழைய சீத்தைத் துணியில் எனக்கு அளவாக ஒரு சேட் வெட்டிக்கொண்டிருக்கிறாள்.

9 டிசெம்பர், ஞாயிறு

கடற்கரைப் பக்கம், முன்பு போகாத வீடு. படி ஏறி மணி அடித்தேன். உள்ளே நடந்துகொண்டிருந்த கால் நின்றது. முன்பென்றால் கம்பெனி பெயரைச் சொல்லியிருப்பேன். "இராமலெட்சுமி" என்றேன். பிறகு கொண்டிகள் ஒவ்வொன்றாக எடுபடுகிற சத்தம்.

வயதான அம்மா, பெயர் வெள்ளையம்மா. பெயரைப் போலவே வெள்ளைச் சேலை. காதில் கைப்போன். சொக்கெட் இருக்கிற மூலையை விரலால் காட்டிவிட்டு, மகனோடு கதைத்துக்கொண்டே இருந்தா. எந்த ஏஜென்சி, எந்தக் கிழமை பிளைட், யார் வீட்டில் இருந்து அவன் வெளிநாட்டுக்கு வெளிக்கிடுகிறான், எல்லாம். நான் நிற்பது அவவுக்குத் தெரியும். ஒருக்கால் என்னைத் திரும்பிப் பார்த்தா. குரலைத் தாழ்த்தவில்லை.

சொக்கெட்டுக்குள் எறும்புதான். துடைத்து, மூடி, தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தேன்.